ரேடியேட்டர் எங்கே என்று பாருங்கள்: வட இத்தாலியில் சூப்பர்கார் உருவங்கள்

முதல் நாள்: டூரின்

சூப்பர்கார் பார்க்க இத்தாலிக்கு வருபவர்கள் நேரே ஃபெராரியின் ஊரான மரனெல்லோவுக்கு ஓடுகிறார்கள். உருவம் பிடிபட வேண்டுமானால் டூரினில் தொடங்குவது நல்லது. எஞ்சின் செய்தவர்கள் மோடெனா, போலோனியா பக்கத்துக்காரர்கள். அந்த எஞ்சினுக்கு உடம்பு வரைந்தவர்கள் பெரும்பாலும் டூரின்காரர்கள். பெர்டோனே, பினின்ஃபரினா, இடால்டிசைன் என்ற கார் வடிவமைப்பு நிறுவனங்கள் மூன்றும் இந்த நகரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவை. மார்செல்லோ காந்தினி, ஜோர்ஜெத்தோ ஜூஜாரோ, லியோனார்தோ ஃபியோரவாந்தி ஆகிய வடிவமைப்பாளர்கள் மூவரும் 1938-ல் பிறந்தவர்கள். 1960-களின் நடுவிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு உலகத்தின் கார் ரசனையில் பெரும்பகுதியை இந்த ஒரே வயதுக்காரர்கள்தான் தீர்மானித்தார்கள்.

தேசிய ஆட்டோமொபைல் அருங்காட்சியகத்துக்கு லிங்கொத்தோ மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடக்கலாம். இங்கே சூப்பர்கார்களைத் தேடி அலைய வேண்டாம். இந்த நாளின் வேலை கண்ணைப் பழக்குவது. எந்தக் காராக இருந்தாலும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, பக்கவாட்டில் நின்று கூரையின் மிக உயர்ந்த புள்ளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். எஞ்சின் முன்னால் இருந்தால் அந்தப் புள்ளி பின்னால் போகும். எஞ்சின் நடுவில் இருந்தால் ஓட்டுபவரின் தலைக்கு நேராக, சில சமயம் அதற்கும் முன்னால் வரும். இரண்டு, சக்கரத்தின் விட்டத்தையே அளவுகோலாக வைத்து இரு சக்கரங்களுக்கும் இடையே எத்தனை சக்கரம் அடங்கும் என்று எண்ணுங்கள். கார் நீளமாகத் தெரிகிறதா, உண்மையிலேயே நீளமா என்பது அப்போது தெரிந்துவிடும். மூன்று, விளக்கின் பிரதிபலிப்பு உடம்பின் மேல் எப்படி ஓடுகிறது என்று, குனிந்து, சக்கர மையத்தின் உயரத்திலிருந்து பாருங்கள். உடையாமல் ஓடும் பிரதிபலிப்பு நல்ல வளைவின் அடையாளம். திடீரென முறிந்து திரும்பினால் அங்கே வேண்டுமென்றே ஒரு விளிம்பு போட்டிருக்கிறார்கள், அல்லது தகடு சரியாக வரவில்லை.

படம் எடுப்பவர்களுக்கு: போனில் 0.5 லென்ஸைத் தொடாதீர்கள். பக்கத்தில் நின்று அகலமாக எடுத்தால் மூக்கு வீங்கி, பின்பக்கம் சுருங்கி, வடிவமைப்பாளர் போடாத சரிவுகளெல்லாம் வந்துவிடும். பின்னால் தள்ளி நின்று 2 மடங்கோ 3 மடங்கோ வைத்து எடுங்கள். போலரைசர் ஃபில்டரை முழுதாகத் திருப்பினால் பிரதிபலிப்பு போய்விடும். பிரதிபலிப்பு போனால் மேற்பரப்பைப் பற்றிப் படத்தில் ஒன்றும் மிஞ்சாது.

இன்னொரு கண்ணும் வேண்டும். பினின்ஃபரினா 1972-ல் குருலியாஸ்கோவில் முழு அளவு காரையே வைத்துச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தைத் திறந்தது. அதற்கு முந்தைய பல உருவங்கள் காற்றை ஊகித்து வரைந்தவை. கையால் வரைந்த ஊகம் ஒரு ரசனை, அளந்து திருத்தியது இன்னொரு ரசனை. இனி வரும் நாட்களில் இந்த வேறுபாடு திரும்பத் திரும்ப வரும்.

இரண்டாம் நாள்: அரேசே

மிலானில் சிவப்பு மெட்ரோவின் கடைசி நிலையமான ரோ ஃபியேராவில் இறங்கி, அங்கிருந்து பேருந்திலோ டாக்ஸியிலோ அரேசே போகலாம். 2015-ல் மறுபடி திறந்த ஆல்ஃபா ரோமியோ அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. மற்றவற்றை வேகமாகக் கடந்தாலும் பரவாயில்லை, இரண்டு கார்களுக்கு முன்னால் நிதானமாக நில்லுங்கள்: 1967-ன் 33 ஸ்திராதாலே, 1968-ன் கராபோ.

சேஸி, அதாவது காரின் அடிச்சட்டம், ஒரே வகை. 2 லிட்டர் வி8 எஞ்சின் இரண்டிலும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. உயரம்கூட இரண்டுக்கும் 99 செ.மீ.தான். இடைவெளி சுமார் ஓராண்டு. ஆனால் இரண்டையும் ஒரே காலத்துக் கார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஃபிராங்கோ ஸ்காலியோனே வரைந்த ஸ்திராதாலேயில் நேர்க்கோடே கிடையாது. முன் மட்கார்டு சக்கரத்தின் மேல் வீங்கி, கதவருகே ஒடுங்கி, பின் சக்கரத்தின் மேல் மறுபடி வீங்குகிறது. கதவின் கண்ணாடி கூரைக்குள் வளைந்து ஏறுகிறது. அதனால் கதவு முன்பக்கமாக மேலே திறக்க வேண்டியிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறதோ அதைத் தோலால் இழுத்து மூடிய மாதிரி உடம்பு. கட்டியவை மொத்தம் 18.

காந்தினியின் கராபோ இதற்கு நேர் எதிர். மூக்கு முனையிலிருந்து முன்கண்ணாடியின் மேல் விளிம்பு வரை ஏறக்குறைய ஒரே சரிவு. பச்சை உடம்பு, மூக்கில் ஆரஞ்சு, கண்ணாடியில் பூச்சு. பெயர் கராபிடே என்ற வண்டு இனத்திலிருந்து வந்தது. கத்தரிக்கோல் போல மேலே தூக்கும் கதவு உலகில் முதலில் வந்தது இதில்தான். பிறகு லம்போர்கினியின் முத்திரையாகிப் போன கதவு பிறந்த வீடு ஆல்ஃபா ரோமியோ என்பது பலருக்குத் தெரியாது.

ஓராண்டில் ரசனை இப்படித் தலைகீழானதன் பின்னால் பொறியியல் காரணமும் உண்டு. அந்தக் காலத்து வளைந்த உடம்புகள் வேகத்தில் முன்பக்கத்தைத் தூக்கின. லம்போர்கினியின் மியூரா அதில் பேர்போனது. காற்று பொனட்டுக்கு மேலே வளைந்து ஏறும்போது மேலே அழுத்தம் குறையும், அடியில் புகுந்த காற்று தூக்கும், ஸ்டீயரிங் லேசாகிவிடும். மூக்கை ஆப்பு போல இறக்கினால் காற்று மேலிருந்து அழுத்தும் என்று கணக்குப் போட்டார்கள். பந்தயக் கார்களிலும் அதே சமயத்தில் ஆப்பு வடிவம் வந்துகொண்டிருந்தது. கணக்கு பாதிதான் சரி, ஏனென்றால் மூக்குக்கு அடியில் காற்று புகுந்தால் ஆப்பும் தூக்கும். ஆனால் 1970 வந்ததும் யாரும் கணக்கைப் பார்க்கவில்லை, உயரத்தைக் குறைக்கும் போட்டியாகிவிட்டது. பாவ்லோ மார்ட்டின் பினின்ஃபரினாவுக்கு வரைந்த மொதுலோ 93.5 செ.மீ. பெர்டோனேயின் ஸ்திராதோஸ் சீரோ 84 செ.மீ.; அதற்குள் ஏற முன்கண்ணாடியையே தூக்க வேண்டும்.

நேரம் இருந்தால் மல்பென்சா விமான நிலையத்தை ஒட்டிய வொலாண்டியா அருங்காட்சியகத்துக்கும் போகலாம். பெர்டோனே 2014-ல் திவாலான பிறகு, இத்தாலியப் பழங்கார் சங்கமான ஆசி 2015-ல் வாங்கிக் காப்பாற்றிய சேகரிப்பு அங்கேதான் இருக்கிறது.

மூன்றாம் நாள்: சான்ட் அகாத்தா போலோனியேசே

முதலில் ஒரு எச்சரிக்கை. லம்போர்கினி பெயரில் இந்த வட்டாரத்தில் இரண்டு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. நிறுவனத்தினுடையது சான்ட் அகாத்தாவில், தொழிற்சாலையோடு சேர்ந்தது. நிறுவனர் ஃபெருச்சோ லம்போர்கினியின் குடும்பம் நடத்துவது ஃபூனோவில். டிராக்டர்களும் அவருடைய சொந்த மியூராவும் அங்கே. டாக்ஸிக்காரரிடம் ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் தவறான இடத்தில் இறங்க நேரும். சான்ட் அகாத்தாவில் ரயில் நிலையம் இல்லை. போலோனியா–வெரோனா பாதையில் சான் ஜொவான்னி இன் பெர்சிச்செதோவில் இறங்கி வர வேண்டும். தொழிற்சாலைச் சுற்று தனி முன்பதிவு. ஆகஸ்ட் நடுவில் இத்தாலியத் தொழிற்சாலைகள் விடுமுறையில் இருக்கும். காட்சிக்கு வைக்கும் கார்களும் மாறிக்கொண்டே இருக்கும், குறிப்பிட்ட ஒரு காருக்காகவே வருகிறீர்கள் என்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மியூராவிலிருந்து தொடங்குவோம். 1965 டூரின் கண்காட்சியில் வெறும் சேஸி, 1966 மார்ச்சில் ஜெனிவாவில் முழுக் கார். 3.9 லிட்டர் வி12 குறுக்காக நடுவில் வைத்திருக்கிறார்கள். 12 சிலிண்டரைக் குறுக்காக வைத்து, கியர்பாக்ஸையும் அதே வார்ப்பில் சேர்த்ததால்தான் உடம்பு இவ்வளவு நீளம் குறைவாக வந்தது. பின்கண்ணாடிக்குப் பதில் இருக்கும் கறுப்புப் பட்டைகள் வெப்பம் வெளியேறவும், அதே சமயம் பின்னால் கொஞ்சம் பார்க்கவும். கதவுக்குப் பின்னால் உள்ள காற்றுப் பட்டைகளுக்குள் கைப்பிடியே ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள். ஹெட்லைட் ஃபியட் 850 ஸ்பைடரிலிருந்து எடுத்தது. அதைச் சுற்றிய ‘இமை மயிர்’ பிறகு வந்த எஸ்வி என்ற மியூரா வகையில் பெரும்பாலும் காணாமல் போனது. எஸ்வியின் பின் மட்கார்டும் அகலம், டயர் பெரிதானதன் விளைவு. இமை இருப்பது அழகா, இல்லாதது அழகா என்ற வாதம் இன்றுவரை தீரவில்லை. முன்னால் உள்ள பெட்ரோல் தொட்டி காலியாகக் காலியாக மூக்கு இன்னும் லேசாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து கூன்டாஷ். இங்கேதான் அதிக நேரம் செலவாகும், செலவாகட்டும்.

1971 ஜெனிவாவில் வந்த மாதிரிக் கார் மிகச் சுத்தமானது. மேலே ஒட்டியது ஒன்றுமில்லை. ஆனால் எஞ்சின் கொதித்தது. விற்பனைக்கு வந்த 1974-ன் எல்பி400-ல் பக்கவாட்டில் நாகா (NACA) எனப்படும், உடம்புக்குள் பதிந்த காற்றுத் துளையும், தோளில் பெட்டி போன்ற காற்று வாயும் வந்தன. அந்த முதல் மஞ்சள் கார் அதே ஆண்டு இங்கிலாந்தில் மோதல் சோதனையில் நொறுக்கப்பட்டது. எல்பி என்றால் எஞ்சின் நெடுக்காகப் பின்னால் என்று பொருள். கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு முன்னால், இருக்கைகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து சக்தி எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி வழியாகப் பின்னால் திரும்பி வருகிறது. எடை நடுவில் சேர வேண்டும் என்பதற்காகச் செய்தது. அதனால் ஓட்டுபவர் முன்னே தள்ளப்பட்டார், முன்கண்ணாடி சக்கரத்துக்கு மேலே நகர்ந்தது, அந்த உலகப் புகழ் பெற்ற பக்கத் தோற்றம் கிடைத்தது.

கதவு மேலே திறப்பதற்கும் காரணம் உண்டு. கீழ் விளிம்பு மிக அகலம், சாதாரணக் கதவு வைத்தால் குறுகிய இடத்தில் இறங்க முடியாது. பின்னால் ஒன்றும் தெரியாததால், ரிவர்ஸ் எடுக்கும்போது கதவைத் தூக்கி, விளிம்பின் மேல் உட்கார்ந்து, திரும்பிப் பார்த்து ஓட்டுவார்கள். முதல் எல்பி400 கார்களின் கூரையில் ஒரு பள்ளம் இருக்கும், பெரிஸ்கோப் கண்ணாடிக்காக வைத்தது. பின் சக்கரத்தின் மேல் வளைவு வட்டமாக இல்லாமல் சாய்ந்து வெட்டியிருக்கும். இதையும் வரைந்த காந்தினியின் கையெழுத்து அது.

இப்போது அதன் பக்கத்தில் 1978-க்குப் பிந்தைய எல்பி400 எஸ்-ஐ மனதில் வையுங்கள். பின் டயர் 215 மி.மீ.-லிருந்து 345 மி.மீ. ஆனது. பிரெல்லி பி7, 345/35, 15 அங்குலம். அவ்வளவு ரப்பரை மூட மட்கார்டின் மேல் தனி விளிம்புகள் ஒட்டினார்கள். இதற்கு வழி காட்டியது, பந்தய அணி வைத்திருந்த வால்டர் வுல்ஃப் தனக்காகச் செய்துகொண்ட கார். பின்சிறகும் அந்த வழியில் வந்ததுதான். அது கூடுதல் விலை கொடுத்து வாங்கும் பொருள், வேகத்தைக் குறைக்கும். பின்பக்கத்தை அழுத்தினால் ஏற்கெனவே லேசான முன்பக்கம் இன்னும் லேசாகும். ஆனாலும் 1980-களில் சுவரொட்டியில் தொங்கியது சிறகு வைத்த கூன்டாஷ்தான். இன்று ஏலக்காரர்களும் சேகரிப்பாளர்களும் தேடுவது சிறகும் விளிம்பும் இல்லாத பெரிஸ்கோப் காரை. எங்கள் கண்ணுக்கும் எல்பி400-க்கு மேல் ஒட்டிய ஒவ்வொன்றும் ஒரு படி இறக்கம்தான், 345 டயரின் பின்பக்கத் தோற்றம் ஒன்றைத் தவிர.

1988-ன் 25-ஆம் ஆண்டுப் பதிப்பில் காற்று வாய்கள் எல்லாம் பட்டை பட்டையாக மாறியிருக்கும். அதைத் திருத்தியவர் அப்போது இங்கே வேலை பார்த்த ஒராசியோ பகானி. பழைய ரசிகர்கள் முகம் சுளிக்கும் இந்த வகைதான் எல்லாக் கூன்டாஷ்களிலும் அதிகம் விற்றது.

டியாப்லோ (1990) இரண்டு ரசனைகள் மோதியதற்குக் கையில் கிடைக்கும் சான்று. காந்தினி முதலில் வரைந்தது கூர்மையான உருவம். 1987-ல் லம்போர்கினியை வாங்கிய கிரைஸ்லர், டெட்ராய்ட்டில் வைத்து அதன் விளிம்புகளை மழுக்கியது. தன் மூல வடிவத்தை காந்தினி வேறு ஒரு காருக்குக் கொடுத்தார். அதுதான் 16 சிலிண்டர் சிசேட்டா, நாலு ஹெட்லைட்டும் எழும்பும். இரண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கதவின் கண்ணாடி முன்னால் சரிந்து விழுவது ஒன்றே, தோளின் விளிம்பு மட்டும் வேறு. 1999-ல் எழும்பும் ஹெட்லைட்டை எடுத்துவிட்டு நிசான் 300 இசட்எக்ஸின் விளக்கைப் பொருத்தினார்கள். டியாப்லோ தப்பித்தது வியப்புதான், பொருந்தியிருக்கிறது.

அதற்குப் பிறகு, லம்போர்கினி ஆடி (Audi) நிறுவனத்தின் கையில் இருக்கும் காலம். 2001-ன் மூர்சியேலாகோவில் லூக் டோங்கர்வோல்க் விளிம்புகளைக் குறைத்து, தோளின் காற்று வாயைத் தேவைப்படும்போது மட்டும் எழ வைத்தார். 2007-ன் ரெவென்டோனிலிருந்து மறுபடி மடிப்புகள், போர் விமானச் சாயல். பிறகு எங்கும் ஒய் வடிவமும் அறுகோணமும். அறுகோணத்தின் மூலம் 1967-ன் மார்சால் என்ற மாதிரிக் கார், அங்கே அது உட்பகுதி முழுவதையும் கட்டிய ஒரே யோசனை. இன்று அது புகைக்குழாய் வாயிலிருந்து திரை வரை ஒட்டும் முத்திரை. 2021-ல் 112 கார்களுக்காகக் கூன்டாஷ் என்ற பெயரை மறுபடி எடுத்தபோது, தனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று காந்தினி வெளிப்படையாகச் சொன்னார். 2024 மார்ச்சில் மறைந்தார்.

நாலாம் நாள்: மரனெல்லோ, மோடெனா

மோடெனா ரயில் நிலையத்திலிருந்து இரு ஃபெராரி அருங்காட்சியகங்களுக்கும் ஷட்டில் பேருந்து ஓடுகிறது, இரண்டுக்கும் சேர்த்த டிக்கெட்டும் உண்டு. காலையில் மரனெல்லோ, பிற்பகல் மோடெனா என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக் காரில் வருபவர்கள் மோடெனா நகர மையத்தின் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் நுழையாதீர்கள், கேமரா பிடித்து அபராதம் வீட்டுக்கே வரும்.

ஃபெராரியில் ரசனை மாறியதைப் படிக்கச் சிறந்த வழி முகத்தைப் பார்ப்பது. 1968-ன் டேடோனாவுக்கு முன்பக்கம் முழுவதும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பட்டை, விளக்குகள் அதற்குப் பின்னால். அமெரிக்க விதி அதை ஏற்கவில்லை, 1971-லிருந்து எழும்பும் ஹெட்லைட். ஆப்பு மூக்குக்கும் இதே விதிதான் சிக்கல்: சுமார் 61 செ.மீ. உயரத்துக்குக் கீழே விளக்கு இருக்கக் கூடாது என்றது அன்றைய விதி. மூக்கு அதைவிடத் தாழ்வு, அதனால் விளக்கு எழுந்தாக வேண்டும். பின்னர் பாதசாரிப் பாதுகாப்பு விதிகளும் சிறிய, பிரகாசமான விளக்குகளும் வந்தன. 2004-ல் லோட்டஸ் எஸ்பிரியும் கார்வெட் சி5-ம் நின்றதோடு எழும்பும் விளக்கு முடிந்தது. 2024-ன் 12சிலிந்திரியில் மூக்கின் குறுக்கே ஓடும் கறுப்புப் பட்டை டேடோனாவைத்தான் திரும்பிப் பார்க்கிறது.

டெஸ்டரோஸா (1984) வேறு கதை. முந்தைய 512 பிபியில் ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால். கொதிக்கும் நீர்க் குழாய் இருக்கைகளுக்கு அருகே ஓடி, உள்ளே அடுப்பாகிவிடும். டெஸ்டரோஸாவில் ரேடியேட்டரை இரண்டாக்கிப் பின் சக்கரத்துக்கு முன்னால் வைத்தார்கள். அதற்குக் காற்று வேண்டும், ஆகவே பெரிய வாய். உடம்பு பின்னால் 1,976 மி.மீ. வரை விரிந்தது. அவ்வளவு பெரிய திறப்பைச் சில நாடுகளின் விதி அனுமதிக்காததால் நீளப் பட்டைகள் போட்டு மூடினார்கள். முன்னாலிருந்து பார்த்தால் சாதாரண அகலம், பின்னாலிருந்து பார்த்தால் திகைப்பு. ஒரு மூலையில், முன் சக்கரத்தை ஒட்டி நின்று பின்னோக்கிப் பார்த்தால் இந்த விரிவு நன்றாகத் தெரியும். பிறகு அந்தப் பத்தாண்டு முழுக்க ரேடியேட்டரே இல்லாத இடங்களில்கூட அந்தப் பட்டைகளை வாங்கி ஒட்டினார்கள். பட்டைக்குப் பின்னால் விரலை விட முடிகிறதா என்று பார்த்தாலே அசலும் ஒட்டுவேலையும் பிரிந்துவிடும் (அருங்காட்சியகத்தில் அல்ல, கண்ணால் மட்டும்).

எஃப்40 (1987) அழகுக்காக எதையும் செய்யவில்லை என்பதே அதன் அழகு. கார்பன் இழையும் கெவ்லார் இழையும் கலந்த பலகைகளில் பெயின்ட் மிக மெல்லிசாக இருப்பதால், சரியான வெளிச்சத்தில் நெசவு தெரியும். பெயின்ட் கெட்டியாக இருந்து நெசவே தெரியாவிட்டால் மறுபூச்சு அடித்திருக்கிறதா என்று சேகரிப்பாளர்கள் சந்தேகிப்பார்கள். கதவு திறக்க ஒரு கயிறு. பின் மூடியின் பிளாஸ்டிக் கண்ணாடியில் வெப்பத்துக்காக வெட்டிய துளைகள். நிலையான பெரிய சிறகு பக்கப் பலகையோடு ஒரே வளைவில் முடிவதால் மட்டுமே ஒட்டிய பொருளாகத் தெரியவில்லை.

2002-ன் என்சோவில் கென் ஒகுயாமாவின் குழு அந்தச் சிறகை எடுத்துவிட்டது. அழுத்தம் அடிப்பக்கத்திலிருந்து வருகிறது. வந்தபோது பலரும் அசிங்கம் என்றார்கள். மூக்கு பந்தயக் காரைக் காப்பியடித்தது என்ற புகார் இன்றும் நியாயம்தான், ஆனால் பின்பக்கம் காலத்தைத் தாண்டிவிட்டது.

ஐந்தாம் நாள்: கம்போகலியானோ, சான் செசாரியோ

கம்போகலியானோவில் புகாட்டியின் நீலத் தொழிற்சாலையை நெடுஞ்சாலையிலிருந்தே பார்க்கலாம். இங்கே செய்த ஈபி110 1991-ல் வந்தது, தொழிற்சாலை 1995-ல் மூடியது. முதலில் வரைந்தவர் காந்தினி. உரிமையாளர் ரொமானோ ஆர்த்தியோலி மாற்றம் கேட்டார், காந்தினி மறுத்துவிட்டார், முடித்துக் கொடுத்தவர் தொழிற்சாலைக் கட்டடத்தையே வரைந்த ஜம்பாவ்லோ பெனெதினி. கதவும் பக்கக் கண்ணாடியும் காந்தினி. மழுங்கிய மூக்கும் சின்னக் குதிரைலாட வடிவக் காற்று வாயும் கட்டடக்காரர். இந்தக் கலவையை 1990-களின் குழப்பம் என்று சொல்லலாம். அதே ஆண்டுகளில் பீட்டர் ஸ்டீவன்ஸ் வரைந்த மெக்லாரன் எஃப்1 அமைதியாக, நிலையான சிறகே இல்லாமல் வந்து, 1998-ல் மணிக்கு 386.4 கி.மீ. ஓடியது.

மோடெனாவுக்குத் தென்கிழக்கே சான் செசாரியோவில், ஒராசியோ பகானி தொடங்கிய பகானி நிறுவனம். அருங்காட்சியகமும் தொழிற்கூடமும் ஒரே இடம், கூடத்துக்கு முன்பதிவு கட்டாயம். 1999-ன் சோண்டா, 2011-ன் ஹுவாய்ரா, 2022-ன் யூட்டோப்பியா என்ற வரிசையில் பாருங்கள். சோண்டாவின் பிற்கால வகைகளில் சிறகும் துடுப்பும் கூடிக்கொண்டே போகும். ஹுவாய்ராவில் நான்கு மூலையிலும் தனித்தனியாக அசையும் மடல்கள். ஒரு வளைவில் உள்பக்கத்து மடல் மட்டும் எழும். அசையும் மடல் இருந்தால் நிற்கும் சிறகு தேவையில்லை, உடம்பு மறுபடி வளையலாம். யூட்டோப்பியா அதைத்தான் செய்கிறது: பெரிய சிறகு இல்லை, உருண்டை மட்கார்டு, கேட்டால் கையால் போடும் கியர்.

நடுவில் குவிந்த நாலு புகைக்குழாயும், பெயர் பொறித்த டைட்டானியம் திருகுகளும் மூன்று கார்களிலும் ஏறக்குறைய அப்படியே தொடர்கின்றன. நகை வேலை அதிகம் என்று சொல்பவர்களோடு ஒத்துப்போகலாம். ஆனால் கூன்டாஷின் காற்று வாய்களில் பட்டை ஒட்டிய அதே கைதான் இதையும் செய்திருக்கிறது என்பதை மனதில் வைத்து, யூட்டோப்பியாவின் பக்கவாட்டில் குனிந்து பிரதிபலிப்பைப் பாருங்கள். மூக்கிலிருந்து வால் வரை எங்கும் முறிவதில்லை.